காலத்தே சேர வேண்டிய குரல்

(மாணவர்களுக்கும் அரசு அலுவலர்களுக்குமாக நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

ஓர் அலுவலகத்திலிருந்து மற்றோர் அலுவலகத்திற்குக் கணிப்பொறி வழியாக அனுப்பப்படும் கோப்பு ஐந்து நிமிடம் தாமதித்துச் சேர்ந்தாலும் அதன் பயன் பெரிதும் குறைந்துவிடுவதில்லை. ஓர் எழுத்துக்கூடப் பிழையாமல் முழுமையாகச் சேர்ந்ததா என்பதே அங்கு எழும் கேள்வி. பேசும் மனிதனின் குரலுக்கு இந்த விதி பொருந்தாது. குரலின் ஒரு துணுக்கு அரை விநாடி தாமதித்தால் உரையாடல் தடுமாறுகிறது. இரண்டு விநாடி தாமதித்தால் அத்துணுக்கு வந்தும் வராததற்குச் சமம்.

தொலைவில் உள்ள மருத்துவர் ஒருவர், ஊரிலுள்ள சுகாதார நிலையத்துச் செவிலியருக்கு மருந்தின் அளவைச் சொல்வதாகக் கொள்வோம். அவர் சொன்னது 'பதினைந்து'. சொல்லின் முற்பகுதி, ஏறத்தாழ கால் விநாடி, வழியில் மறைந்துவிட்டால் செவிலியரின் காதில் விழுவது 'ஐந்து'. கேட்ட சொல் தெளிவாகவே இருப்பதால், தவறு நேர்ந்ததை இருவரும் உணர வாய்ப்பில்லை. பல இடங்களில் பிரிந்து கிடக்கும் கணிப்பொறிகளின் வழியே குரலையும் படத்தையும் உடனுக்குடன் கொண்டுசெல்வது எத்தகைய பொறுப்பு என்பதை விளக்க இந்த ஓர் எடுத்துக்காட்டே போதும்.

ஒருவழியிலிருந்து இருவழிக்கு

நமது நாட்டில் இம்முயற்சிக்கு நீண்ட வரலாறு உண்டு. 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை நடைபெற்ற செயற்கைக்கோள் வழிக் கல்வித் தொலைக்காட்சிச் சோதனை, ஆந்திரப் பிரதேசம், பீகார், கர்நாடகம், மத்தியப் பிரதேசம், ஒரிசா, ராஜஸ்தான் ஆகிய 6 மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்குப் படத்தையும் ஒலியையும் கொண்டு சேர்த்தது. அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோள் அதற்குப் பயன்பட்டது. கிராமத்தார் கூடியமர்ந்து நிகழ்ச்சிகளைக் கண்டனர்; ஆனால் திருப்பிக் கேட்க அவர்களுக்கு வழியில்லை. 1996இல் மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா மாவட்டத்தில் தொடங்கிய வளர்ச்சித் தொடர்புத் திட்டத்தில், ஸ்டூடியோவில் இருப்போரிடம் குரல் வழியாகக் கேள்வி கேட்கும் வசதி வட்டார அளவில் சேர்க்கப்பட்டது. கல்விக்கென்றே அமைந்த எஜுசாட் செயற்கைக்கோள் 2004 செப்டம்பர் 20 அன்று ஏவப்பட்டது.

இன்று நிலைமை பெரிதும் மாறியுள்ளது. சாட்சியங்களைக் காணொளிக் காட்சி வழியாகப் பதிவு செய்யலாம் என்று உச்சநீதிமன்றம் 2003இல் தீர்ப்பளித்தது. 2020இல் பெருந்தொற்று பரவியபோது நீதிமன்றங்களே அவ்வழியில் இயங்கின. சுகாதார நிலையங்களைத் தொலைவிலுள்ள மருத்துவர்களுடன் இணைக்கும் இ-சஞ்சீவனி சேவை 2019 நவம்பரில் தொடங்கி, 2023 பிப்ரவரிக்குள் 10 கோடி ஆலோசனைகளைக் கடந்தது. தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்த குடிமகன் இப்போது பேசுகிறான். அவனுக்கு மறுமொழியும் கிடைக்கிறது. இந்த மாற்றத்தால் தொழில்நுட்பத்தின் மீது விழும் சுமையின் தன்மையும் மாறிவிட்டது. ஒலிபரப்பில் சில விநாடித் தாமதம் எவர் கண்ணிலும் படாது. உரையாடலில் அது உடனே உறுத்தும்.

குரல் பயணம் செய்யும் முறை

கணிப்பொறி குரலை எண்களாக மாற்றுகிறது. தொலைபேசித் துறையில் நெடுங்காலமாக வழங்கிவரும் முறைப்படி, குரல் ஒரு விநாடிக்கு 8,000 முறை அளக்கப்பட்டு, ஒவ்வோர் அளவும் 8 பிட்டுகளால் குறிக்கப்படுகிறது. ஆகவே ஒரு குரலுக்கு விநாடிக்கு 64,000 பிட்டுகள் தேவை. இவை 20 மில்லி விநாடி அளவிலான துணுக்குகளாக வெட்டப்பட்டுப் பொட்டலங்களாகக் கட்டப்படுகின்றன. ஒரு விநாடிப் பேச்சு 50 பொட்டலங்களாகிறது. ஒவ்வொன்றிலும் 160 பைட் குரலும், முகவரி முதலிய விவரங்களுக்காக 40 பைட்டும் அடங்கும்.

பழைய தொலைபேசி முறையில் பேசுவோர் இருவருக்குமிடையே ஒரு தனிப் பாதை, பேச்சு முடியும்வரை ஒதுக்கி வைக்கப்பட்டது. கணிப்பொறி வலையமைப்பில் அவ்வாறு ஒதுக்கீடு இல்லை. எல்லோருடைய பொட்டலங்களும் ஒரே சாலையில் செல்கின்றன. ஒவ்வொரு சந்திப்பிலும் வரிசையில் நின்று தம் முறைக்குக் காத்திருக்கின்றன. சாலை ஒழிந்திருந்தால் பொட்டலம் விரைந்து செல்லும். நெரிசல் மிகுந்தால் தேங்கும். தேங்க இடமில்லாவிடில் கைவிடப்படும். சிக்கனத்திற்கு இம்முறை ஏற்றது. பல கோடி மக்கள் இணையத்தைக் குறைந்த செலவில் பகிர்ந்துகொள்ள முடிவதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம். ஆயினும் 'இத்தனை நேரத்திற்குள் சேரும்' என்ற உறுதிமொழி எதையும் இம்முறை அளிப்பதில்லை.

தாமதத்தின் வரவு செலவு

பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரைப்படி, ஒருவர் வாயிலிருந்து மற்றவர் செவிக்குக் குரல் சேர 150 மில்லி விநாடிக்கு மேல் ஆகாவிட்டால் பெரும்பாலான உரையாடல்கள் தடையின்றி நடைபெறும். வலையமைப்பைத் திட்டமிடும்போது 400 மில்லி விநாடியைத் தாண்டக் கூடாது. இதனை ஒரு வரவு செலவுத் திட்டமாகவே கருதலாம். கையில் உள்ளது 150 மில்லி விநாடி. எதற்கு எவ்வளவு செலவாகிறது?

தில்லிக்கும் சென்னைக்கும் இடையே ஒளியிழை வடத்தின் நீளம் 2,500 கிலோமீட்டர் எனக் கொள்வோம். இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்வதால், இத்தொலைவுக்கு ஆகும் செலவு 13 மில்லி விநாடி மட்டுமே. பொட்டலம் நிரம்புவதற்கு 20 மில்லி விநாடி. வந்து சேரும் பொட்டலங்கள் ஒன்று விரைவாகவும் ஒன்று மெதுவாகவும் வருவதால், பெறும் கணிப்பொறி அவற்றைச் சிறிது நேரம் நிறுத்திவைத்து, ஒழுங்கான இடைவெளியில் ஒலிக்கச் செய்கிறது. அதற்கு 60 மில்லி விநாடி. ஆக 93 போயிற்று. எஞ்சியுள்ள 57 மில்லி விநாடிக்குள் வழியிலுள்ள எல்லா வரிசைகளும், இரு முனைகளிலும் உள்ள கணிப்பொறிகளின் வேலையும் அடங்கியாக வேண்டும். கொடுக்கும் காலம் எத்துணைக் குறைவு என்பது இதனால் விளங்கும்.

செயற்கைக்கோளின் கணக்கு வேறு. புவியிலிருந்து 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிலைகொண்டிருக்கும் கோளுக்குச் சென்று திரும்பவே குரலுக்கு ஏறத்தாழ 240 மில்லி விநாடி ஆகிவிடுகிறது. கேள்விக்கு மறுமொழி வர அரை விநாடி. மேலும், பல சிறு நிலையங்கள் ஒரு மைய நிலையத்தின் வழியாகவே ஒன்றோடொன்று பேசும் அமைப்பில், குரல் இருமுறை விண்ணுக்குச் செல்ல நேர்கிறது. 400 மில்லி விநாடி என்ற வரம்பும் மீறப்படுகிறது. மலைப்பகுதிகளுக்கும் தீவுகளுக்கும் செயற்கைக்கோள் இன்றியமையாதது. எனினும் பாடம் நடத்துவதற்குப் போதுமான ஓர் இணைப்பு, நோயாளியுடன் உரையாடுவதற்கும் போதும் என்று கொள்ளலாகாது.

கணக்கில் எளிதாக விடுபடும் மற்றொன்று கடிகாரம். அனுப்பும் கணிப்பொறியின் கடிகாரமும் பெறும் கணிப்பொறியின் கடிகாரமும் ஒருபோதும் முற்றிலும் ஒத்து ஓடுவதில்லை. பத்து லட்சத்தில் 50 பங்கு வேறுபாடு இருப்பதாகக் கொண்டால், ஒரு மணி நேரத்தில் 180 மில்லி விநாடி, அதாவது 9 பொட்டலங்கள், மிகும் அல்லது குறையும். நீண்ட விசாரணைகளிலும் வகுப்புகளிலும் இதனைச் சிறிது சிறிதாகச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும்.

தவறியதை மீண்டும் கேட்பதா?

கோப்புகளைப் பொறுத்தவரை தவறிய பொட்டலத்தை மீண்டும் கேட்டுப் பெறுவதே முறை. குரலில் அது பெரும்பாலும் பயன் தராது. கேட்டு, திரும்ப வருவதற்குள் பேச்சு அடுத்த சொல்லுக்குச் சென்றுவிடும். இந்த உண்மை மிக முன்னரே உணரப்பட்டது. 1974இல் அமெரிக்காவின் ஆர்ப்பாநெட் வழியாகக் குரலைப் பொட்டலங்களாக அனுப்பும் சோதனைகள் நடைபெற்றன. அவற்றில் முன்னின்ற டேனி கோஹனும் அவருடன் பணியாற்றியோரும், பிழையின்றிச் சேர்ப்பதையே நோக்கமாகக் கொண்ட நெறிமுறை குரலுக்கு ஏற்றதன்று எனக் கண்டனர். 1978இல் இணைய நெறிமுறை இரண்டாகப் பிரிக்கப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணமாயிற்று. முகவரிப்படி கொண்டுசெல்வது ஒன்றின் பொறுப்பு; தவறியதை மீட்டுத் தருவது மற்றொன்றின் பொறுப்பு. மீட்பு வேண்டாதவர் முன்னதை மட்டும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

இதன் மீது எழுப்பப்பட்டதே 1996இல் வெளியான நேரடிப் போக்குவரத்து நெறிமுறை. இதன்படி ஒவ்வொரு பொட்டலமும் வரிசை எண்ணையும், அது உருவான நேரத்தின் முத்திரையையும் தாங்கிச் செல்கிறது. பெறுபவர் எத்தனை பொட்டலங்கள் தவறின, வருகை எவ்வளவு ஒழுங்கற்றிருந்தது என்ற அறிக்கையை அவ்வப்போது திருப்பி அனுப்புகிறார். அனுப்புபவர் அதற்கேற்பத் தம் வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்கிறார். ஒரு பொட்டலம் தவறினால் முந்தைய ஒலியைச் சற்றே நீட்டி இடைவெளியை மூடுவதும் உண்டு. ஓரிரு துணுக்குகளுக்கு இது போதுமானது. பத்துப் பன்னிரண்டு பொட்டலங்கள் அடுத்தடுத்துத் தவறும்போது ஒரு சொல்லே மாறிவிடக்கூடும்.

படமும் பலர் கூடும் அவையும்

படத்தின் சுமை குரலைவிடப் பல மடங்கு பெரிது. ஒரு சாதாரணத் தொலைக்காட்சிப் படத்தை, 720 புள்ளிகள் கொண்ட 576 வரிகளாக, விநாடிக்கு 25 சட்டங்களாக, சுருக்காமல் அனுப்பினால் விநாடிக்கு ஏறத்தாழ 16.6 கோடி பிட்டுகள் தேவைப்படும். அடுத்தடுத்த சட்டங்களுக்கிடையே மாறிய பகுதிகளை மட்டும் அனுப்புவதன் மூலம் இச்சுமை நூறில் ஒரு பங்கு அளவுக்கும் சுருக்கப்படுகிறது. 1988இல் வகுக்கப்பட்ட எச்.261 தரம், தொலைபேசி வழியின் 64,000 பிட் மடங்குகளிலேயே படத்தை அனுப்ப வழிவகுத்தது. இச்சிக்கனத்திற்கும் ஒரு விலை உண்டு. ஒரு சட்டத்தில் நேர்ந்த பழுது, அடுத்த முழுச் சட்டம் வரும்வரை தொடர்கிறது. எவ்வளவுக்குச் சுருக்குகிறோமோ அவ்வளவுக்கு ஒரு பொட்டலத்தின் இழப்பு பெரிதாகிறது.

குரலும் உதட்டசைவும் பொருந்தியிருத்தலும் வேண்டும். குரல் 45 மில்லி விநாடி முந்தினாலோ 125 மில்லி விநாடி பிந்தினாலோ மனிதர் அதனை உணரத் தொடங்குகின்றனர் என்று அளந்தறியப்பட்டுள்ளது. சாட்சி கூறுபவரின் முகத்தையும் சொல்லையும் ஒருசேரக் கவனிக்க வேண்டிய நீதிபதிக்கு இது அற்பச் செய்தியன்று.

பத்துப் பேர் கூடும் கூட்டத்தில் ஒவ்வொருவரும் மற்ற ஒன்பது பேருக்கும் நேரே அனுப்பினால் 90 ஓட்டங்கள் உண்டாகின்றன. ஒவ்வொருவரின் இணைப்பிலிருந்தும் ஒன்பது பிரதிகள் வெளியேற வேண்டும். நடுவே ஒரு கணிப்பொறியை அமைத்தால் ஒவ்வொருவரும் ஒரே ஒரு பிரதியை அனுப்பினால் போதும். பகிர்ந்தளிக்கும் பொறுப்பை நடுவிலுள்ளது ஏற்கிறது. அனுப்புவோர் தம் படத்தைத் தர வாரியாகப் பிரித்து அனுப்பினால், வலிய இணைப்பு உள்ளவருக்குத் தெளிவான படத்தையும், மெலிந்த இணைப்பு உள்ளவருக்குச் சிறிய படத்தையும் அது தேர்ந்தளிக்கும். ஒருவரது மெலிவால் கூட்டம் முழுவதும் தடைப்படுவதில்லை.

ஒழிந்திருக்கும் திறன் வீணா?

இங்குதான் பொருளாதாரம் பயில்வோரும் நிதி ஆய்வு செய்வோரும் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி வருகிறது. ஆலையொன்று தன் திறனில் 95 விழுக்காட்டைப் பயன்படுத்தினால் பாராட்டுகிறோம். அதே அளவுகோலைத் தொடர்பு வடத்திற்கும் பயன்படுத்துவது இயல்பாகத் தோன்றும்; அது தவறான முடிவுக்கே கொண்டுசெல்லும்.

பொட்டலங்கள் ஒழுங்கின்றி வந்து சேரும் எளிய வரிசை ஒன்றை எடுத்துக்கொண்டால், வடத்தின் திறனில் பாதி பயன்படும்போது ஒரு பொட்டலம் சராசரியாகச் செலவிடும் நேரம், காத்திருப்பு ஏதுமில்லாதபோது ஆகும் நேரத்தைப்போல் 2 மடங்கு. 80 விழுக்காடு பயன்படும்போது 5 மடங்கு. 90 விழுக்காட்டில் 10 மடங்கு. 95 விழுக்காட்டில் 20 மடங்கு. கடைசி 5 விழுக்காட்டுப் பயன்பாட்டைப் பெறுவதற்காகத் தாமதம் இரட்டிப்பாகிறது. கோப்புகள் இதனைப் பொறுத்துக்கொள்ளும், குரல் பொறுக்காது.

கணிப்பொறிக்கு உள்ளேயும் இதே நிலைதான். 1973இல் லியூ, லேலண்ட் என்ற இரு அறிஞர்கள், குறித்த இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும் பணிகளை ஆராய்ந்தனர். இடைவெளி குறைந்த பணிக்கு மாறாத முதலிடம் அளித்தால், பணிகள் எத்தனையாயினும், மொத்தப் பயன்பாடு ஏறத்தாழ 69 விழுக்காட்டுக்குள் இருக்கும்வரை எந்தப் பணியும் தவணை தவறாது என்று அவர்கள் நிறுவினர். தவணை நெருங்கிய பணிக்கு அவ்வப்போது முதலிடம் தரும் முறையில் முழுத் திறனையும் பயன்படுத்த இயலும் என்பதையும் காட்டினர். எனினும் அம்முறையில் சுமை மிகுந்துவிட்டால் எது தவறும் என்று முன்கூட்டிச் சொல்வது கடினம்.

சேமிப்பிடத்தைப் பெருக்குவதும் தீர்வாகாது. நினைவகத்தின் விலை குறைந்ததால், வழியிலுள்ள கருவிகளில் வரிசைகளுக்கான இடம் தேவைக்கு மேல் பெருகிற்று. பொட்டலங்கள் தொலையவில்லை; ஆனால் நீண்ட வரிசைகளில் தேங்கின. இக்குறையை 2010-11இல் ஜிம் கெட்டிஸ் என்னும் அமெரிக்கப் பொறியாளர் வெளிக்கொணர்ந்த பின்னரே பலரின் கவனம் அதில் சென்றது. தானியத்திற்குக் கிடங்கு பெரிதாவது நன்மை. குரலுக்குக் கிடங்கு பெரிதாவது கேடு.

பங்கீட்டு முறைகள் இரண்டு உள்ளன. முன்கூட்டியே இடம் ஒதுக்கி, இடமில்லாவிடில் புதிய அழைப்பை மறுப்பது ஒன்று. 1997இல் இதற்கான நெறிமுறை வகுக்கப்பட்டது. பொட்டலங்களைச் சில வகைகளாகப் பிரித்து, குரலுக்கு முன்னுரிமை தருவது மற்றொன்று. 1998இல் இதற்கான அமைப்பு வெளியாயிற்று. முதலாவது உறுதி தரும். ஆனால் வழியெங்கும் ஒவ்வோர் அழைப்பையும் நினைவில் வைத்திருக்க வேண்டியிருப்பதால் பெரிய இணையத்தில் பரவவில்லை. இரண்டாவது எளியது, நிருவாகம் தன் வசமுள்ள வலையமைப்புக்குள் இதனைச் செம்மையாக நடத்த இயலும். ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னுரிமை என்று எழுதிவிட்டால் எதற்கும் முன்னுரிமை இல்லை என்பதே பொருள்.

திட்டமிடுவோர் கவனத்திற்கு

கிராம ஊராட்சிகளை ஒளியிழையால் இணைக்கும் தேசியத் திட்டம் 2011இல் ஒப்புதல் பெற்று, பின்னர் பாரத்நெட் எனப் பெயர் பெற்றது. ஏறத்தாழ 2.5 லட்சம் ஊராட்சிகளை எட்டுவது அதன் நோக்கம். எத்தனை ஊராட்சிகள், எத்தனை மெகாபிட் என்பன தேவையான கணக்குகளே. உரையாடலைத் தாங்கும் தகுதிக்கு அவற்றோடு வேறு சில கணக்குகளும் வேண்டும்.

முதலாவதாக, இணைப்பின் தகுதியை வேகத்தால் மட்டும் மதிப்பிடாமல், தாமதம், தாமதத்தின் ஏற்ற இறக்கம், தவறிய பொட்டலங்களின் விழுக்காடு ஆகியவற்றாலும் மதிப்பிட வேண்டும். அவற்றின் சராசரி போதாது. நெரிசல் மிக்க முற்பகல் வேளையின் அளவே உண்மையைக் காட்டும். ஒப்பந்தங்களிலும் இவ்வளவுகள் இடம்பெற வேண்டும்.

இரண்டாவதாக, ஊரிலிருந்து வெளியே செல்லும் திசையின் திறனைத் தனியே கணக்கிட வேண்டும். இணைப்புகள் பலவற்றில் வரும் திசைக்கே மிகுந்த திறன் அளிக்கப்படுகிறது. பார்ப்பவனுக்கு அது பொருந்தும், பேசுபவனுக்குப் பொருந்தாது. நோயாளியின் முகமும் குரலும் செல்வது வெளிச்செல்லும் திசையில்தான்.

மூன்றாவதாக, இணைப்பு மெலியும்போது எதை முதலில் விடுவது என்பதை முன்னரே தீர்மானித்து வைக்க வேண்டும். படத்தின் தெளிவு முதலில் குறையட்டும். பின்னர் படம் நிற்கட்டும். குரல் கடைசிவரை நிலைக்கட்டும். தோல் நோயைப் பார்க்கும் மருத்துவருக்கு மட்டும், அசையாத தெளிவான ஒரு படம் தனியே சேர்வது ஓடும் படத்தைவிடப் பயன் தரும். இத்தகைய முடிவுகளைப் பொறியாளர் மட்டும் எடுக்க இயலாது. சேவையை நடத்தும் துறையும் சேர்ந்தே எடுக்க வேண்டும்.

நான்காவதாக, கருவி எவ்வளவு செம்மையாயினும் மனிதரின் நடைமுறை அதற்குத் துணைநிற்க வேண்டும். மருந்தின் அளவு, தேதி, தொகை ஆகியவற்றைக் கேட்டவர் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்வதும், எழுத்திலும் பெறுவதும் விதியாக வேண்டும். எழுத்து சற்றுத் தாமதித்து வரலாம். ஆனால் முழுமையாக வரும். குரல் உடனே வரும். ஆனால் எங்கேனும் குறைந்து வரலாம். ஒன்றின் குறையை மற்றொன்று நிறைவு செய்யும்.

இவற்றுக்கெல்லாம் செலவாகும் என்பது உண்மை. வடத்தின் ஒரு பகுதி ஒழிந்தே இருப்பது தணிக்கையாளர் கண்ணுக்கு வீணாகத் தோன்றலாம். தீயணைப்பு வண்டி நாள் முழுவதும் நிலையத்தில் நிற்பதை எவரும் வீண் என்று சொல்வதில்லை. அழைக்கும் கணத்தில் அது புறப்பட வேண்டும் என்பதற்காகவே அது காத்து நிற்கிறது. நேரடித் தொடர்புக்கென ஒழித்துவைக்கப்படும் திறனும் அத்தன்மையதே. அந்தச் செலவை ஏற்காத இடத்தில் அதன் விலையைச் சுகாதார நிலையத்தில் காத்திருக்கும் நோயாளி கொடுக்க நேர்கிறது. மருத்துவர் 'பதினைந்து' என்று சொன்னது 'பதினைந்து' என்றே அவரைச் சென்று சேரும் நாளில்தான், இணைப்புப் பணி அந்த ஊரில் நிறைவுற்றது எனக் கணக்கில் எழுதலாம்.